கேட்டுக் காத்திருந்த கோமதி அன்னை

ஆடி மாதத்து உத்திராட நன்னாள். தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் வீதிகளில் அன்று கால் வைக்க இடமிருப்பதில்லை. கொடியேறிய நாள் முதல் ‘ஆடிச் சுற்று’ என்று திருக்கோயிலை நூற்றெட்டு முறை வலம்வந்து நேர்த்திக்கடன் செலுத்தியவர்கள், சுற்று வட்டாரத்துக் கரிசல் காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திறங்கியவர்கள், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையோரமாக இடம் தேடும் பெரியவர்கள் என்று ஒன்பது நிலை இராஜகோபுரத்தின் நிழலில் ஊரே கூடி நிற்கிறது. அத்தனை பேரும் ஒரே ஒருவருக்காகத்தான் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு முன்னதாகவே அந்த ஒருவருக்காகக் காத்திருக்கிறாள் இன்னொருத்தி. அவள் கோமதி அன்னை.

தபசு மண்டபத்தில் எழுந்தருளியிருக்கும் அன்னைக்கு மாலையில்தான் காட்சி கிடைக்கிறது. ஒரு பாதி சங்கரராகவும் மறு பாதி நாராயணராகவும் சுவாமி ரிஷப வாகனத்தில் வருகிறார். கூட்டத்தினர் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் தானியங்களையும் அள்ளி வீசி மகிழ்கின்றனர். அன்னையோ அதோடு நின்றுவிடுவதில்லை. மீண்டும் தபசுக்குச் செல்கிறாள். தமக்குரிய நாயகனாகவே தரிசனம் தரவேண்டும் என்று வேண்டி நிற்கிறாள். இரவில் சங்கரலிங்கப் பெருமானாக யானை வாகனத்தில் சுவாமி எழுந்தருள்கிறார். அப்போதுதான் தவம் நிறைவுறுகிறது.

உலகங்களை ஈன்ற தாய் அவள். அவள் அறியாதது ஒன்றுண்டோ? நினைத்த மாத்திரத்தில் முடிக்க வல்லவள் ஏன் கேட்டாள்? கேட்டபின் ஏன் காத்திருந்தாள்? இந்த வினாவுக்குள்தான் இன்றைய இல்லங்களுக்கு வேண்டிய விடை அடங்கியிருக்கிறது.

இரு நாகங்களின் வழக்கு

சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் இருந்தனர் என்று தலபுராணம் கூறும். சங்கன் சிவபெருமானையன்றி வேறொருவரையும் வணங்காதவன். பதுமனுக்குத் திருமாலே பரம்பொருள். இருவரும் நல்லவர்கள், இருவரும் பக்தர்கள். ஆயினும் ‘என் தெய்வமே பெரிது’ என்ற வாதம் அவர்களுக்குள் மூண்டது. வாதம் வளர்ந்து வழக்காயிற்று. வழக்கை அம்பிகையிடம் கொண்டுசென்றனர்.

அம்பிகை அக்கணமே தீர்ப்பு வழங்கியிருக்கலாம். அவள் சொல்லை மறுக்க யாருமில்லை. ஒருவனை வென்றவனாகவும் மற்றவனைத் தோற்றவனாகவும் ஆக்கும் தீர்ப்பு வழக்கை முடிக்கும், பகையை முடிக்காது. இதை உணர்ந்த தாய், தன் தீர்ப்பைச் சொல்லாமல் ஈசனிடம் விண்ணப்பம் செய்தாள். “சங்கரரும் நாராயணரும் ஒன்றே என்பதை இவர்கள் கண்ணாரக் காணுமாறு காட்டியருள வேண்டும்” என்பது அவள் வேண்டுகோள். ஈசனும் உடனே காட்டிவிடவில்லை. புன்னை வனத்தில் தவமிருக்குமாறு பணித்தார். அன்னை புறப்பட்டாள். தேவமாதர் பசுக்களாக உருக்கொண்டு உடன் வந்தனர். பசுக்கள் சூழ இருந்தமையால் கோமதி என்றும் ஆவுடையம்மை என்றும் திருநாமங்கள் அமைந்தன. ஒற்றைக் காலில் நின்று அவள் இயற்றிய தவத்தின் முடிவில் சங்கரநாராயணத் திருக்கோலம் வெளிப்பட்டது.

அந்தத் திருமேனியை இன்றும் நடுச் சன்னதியில் தரிசிக்கலாம். வலப்பாகம் சிவன், இடப்பாகம் திருமால். அச்சன்னதியில் திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. மூலத் திருமேனிக்கு அபிஷேகம் செய்யும் வழக்கமில்லை; ஸ்படிக லிங்கமாகிய சந்திரமௌலீசுவரருக்கே அபிஷேகம் நடைபெறுகிறது.

வந்த விடையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று விளங்கும். சங்கன் கேட்டது ஒரு விடை. பதுமன் கேட்டது மற்றொரு விடை. ஈசன் அருளியதோ இருவரும் நினைத்துப் பார்த்திராத மூன்றாவது விடை. அதில் இருவர் கொண்டதும் மெய்யாயிற்று. இருவர் செருக்கும் அடங்கிற்று. அவசரப்பட்டிருந்தால் அந்த மூன்றாவது விடை பிறந்திருக்காது.

வழிமறித்த யானை

பாண்டி நாட்டின் தென்பகுதியில் உள்ள பஞ்சபூதத் தலங்களுள் சங்கரன்கோவில் மண்ணுக்குரியது. கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் ஆகாயத்துக்கும் உரியன. இங்கு வழங்கப்பெறும் சிறப்புப் பிரசாதமும் புற்றுமண்தான். அதை நெற்றியில் இட்டுக்கொள்வோரும், நீரில் கரைத்து உட்கொள்வோரும், வீட்டுப் பூஜையறையில் ஒரு சிமிழில் வைத்துக் காப்போரும் உண்டு. தோண்டுபவரையும் சுமக்கும் பொறுமை மண்ணுக்கே உரியது. தவமிருக்க அன்னை வந்த இடமும் மண்ணுக்குரிய தலமாக அமைந்தது பொருத்தமே.

இத்திருக்கோயில் எழுந்த வரலாறும் ஒரு தடையிலிருந்தே தொடங்குகிறது. உக்கிரபாண்டியர் மதுரைக்குச் சென்று சொக்கநாதரை வழிபடும் வழக்கமுடையவர். ஒருமுறை அவ்வாறு புறப்பட்டபோது அவரைச் சுமந்து சென்ற யானை வழியில் தன் தந்தத்தால் நிலத்தைக் குத்திக்கொண்டு படுத்துவிட்டது. எவ்வளவு முயன்றும் எழவில்லை. அதே வேளையில் புன்னை வனத்தைக் காத்துவந்த காவலர் ஓடிவந்து, தாம் வெட்டிய புற்றுக்குள் வால் அறுபட்ட நாகத்தையும் அருகே சிவலிங்கத்தையும் கண்ட செய்தியை அரசரிடம் கூறினார். மதுரைப் பயணம் தடைபட்டதற்காக அரசர் யானைப் பாகனைச் சினந்திருக்கலாம். வேறு யானையில் ஏறிப் போயிருக்கலாம். அவர் நின்றார், எளிய காவலர் ஒருவர் சொன்னதைச் செவிமடுத்தார். அந்த நிற்றலில் உருவானதே இப்பெருங்கோயில் என்கிறது தலபுராணம்.

போகும் வழியில் ஒரு தடை வந்தால் அது இடையூறா, இறைவன் விடுக்கும் குறிப்பா என்று ஒரு கணம் நின்று பார்க்கும் பழக்கம் முன்னோரிடம் இருந்தது. இன்று அந்த ஒரு கணம்தான் இல்லங்களில் அரிதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பெயர் வேண்டியதில்லை, இதைப் படிக்கும் பலருக்கும் அது தெரிந்த வீடாகவே இருக்கும். எழுபது வயது கடந்த கணவனும் மனைவியும் கோயிலுக்கு அருகில் பூர்வீக வீட்டில் வாழ்கின்றனர். மூத்த மகன் சென்னையில், இளையவன் அயல்நாட்டில், மகள் திருநெல்வேலியில். ஒருநாள் இரவு மூத்த மகன் தொலைபேசியில் அழைக்கிறான். வீட்டுக்கு நல்ல விலை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் வாங்கிவிட வேண்டும். அந்தத் தொகையைக் கொண்டு சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்கிவிட்டால் பெற்றோரும் தன்னோடு வந்திருக்கலாம் என்கிறான். மகனிடம் கபடம் ஏதுமில்லை. பெற்றோர் தனித்திருக்கிறார்களே என்ற கவலைதான் அவனை அவசரப்படுத்துகிறது.

தந்தை அப்போதே சரி என்று சொல்லிவிடுகிறார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கணைக்கும் நேரத்தில், “ஒரு வார்த்தை கோமதியம்மாளிடம் கேட்டுவிட்டுச் செய்யலாமே” என்கிறாள். “சொன்ன சொல்லை மாற்றச் சொல்கிறாயா?” என்கிறார் அவர். அந்த வீட்டிலும் சங்கனும் பதுமனும் வந்துவிட்டனர்.

சொன்ன சொல் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் யாரையும் கலக்காமல், ஒரு நொடியில், வீட்டின் தலைவன் நானே என்ற எண்ணத்தில் பிறந்த சொல் எப்படிப்பட்டது? மகளுக்கு வரன் பேசும்போதும், பாகம் பிரிக்கும்போதும், மகனுக்காகக் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்திடும்போதும், மருமகளோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் தனிக்குடித்தனம் வைக்கும்போதும் பிறக்கும் சொற்கள் பெரும்பாலும் இத்தகையனவே. பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை அறியாதவர் இல்லை. ஆயினும் பதற்றம் வரும் வேளையில் பழமொழி நினைவுக்கு வருவதில்லை. அதனால்தான் பெரியவர்கள் பழமொழியோடு நிறுத்தாமல் ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்தி வைத்தனர்.

பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம்

முக்கியமான முடிவு எதையும் எடுக்குமுன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பது தமிழகத்தின் நெடுநாளைய வழக்கம். திருவுளச்சீட்டு என்றும், பூப்போட்டுப் பார்த்தல் என்றும், உத்தரவு கேட்டல் என்றும் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து கட்டி, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுமாறு தெய்வத்தின் முன் வைப்பர். சிலர் திருநீற்றையும் குங்குமத்தையும் காகிதத்தில் மடித்து வைப்பர். எந்தப் பூ வந்தால் சம்மதம் என்பதை முன்னரே மனத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். பிறகு விவரம் அறியாத ஒரு குழந்தையை அழைத்து ஒன்றை எடுக்கச் சொல்வர். குழந்தைக்கு வீடு விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். அந்தப் பற்றின்மையின் கையைத்தான் பெரியவர்கள் நாடினர்.

திருப்பூர் மாவட்டம் காங்கேயத்தை அடுத்த சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்ற ஒன்று உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் முருகப்பெருமான் தோன்றி இன்ன பொருளை வைக்குமாறு பணித்ததாக அவர் வந்து கூறினாலும், அதை உடனே ஏற்றுவிடுவதில்லை. சன்னதியில் பூக்கேட்டு, சம்மதம் கிடைத்த பின்னரே அப்பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படுகிறது. கனவு கண்டவரின் பக்தியை யாரும் ஐயுறுவதில்லை. ஆனால் மனத்தில் எழும் எண்ணமெல்லாம் இறைவன் எண்ணமாகிவிடாது என்ற எச்சரிக்கை அந்த நடைமுறைக்குள் இருக்கிறது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சன்னதியில் மனக்குறையை மனுவாக எழுதிப் பிராது கட்டுகின்றனர். எழுதும்போதே பாதிக் குழப்பம் தெளிந்துவிடும். என்ன வேண்டும் என்பதை நாலு வரியில் எழுத முடியாதவருக்கு, தாம் கேட்பது இன்னதென்று தமக்கே தெரியவில்லை என்பது அங்கேதான் புரியும்.

இவ்வழக்கத்துக்கு அடிப்படையான ஒரு நெறி உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் காணப்படுகிறது. முதலாம் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர்கள் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆனால் எல்லாப் பெயர்களும் குடத்துக்குள் போய்விடவில்லை. முப்பத்தைந்து வயது நிறைந்து எழுபது வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும், வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்கவேண்டும், கல்வி இருக்கவேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட வேண்டும். இவ்வளவையும் ஆராய்ந்த பின்னரே ஓலை. ஓலைக்குப் பின்னரே குழந்தையின் கை.

மனிதர் செய்யவேண்டிய ஆராய்ச்சியைச் செய்துமுடித்த பின்புதான் எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது. வில்லங்கச் சான்று பார்க்காமல், வரனின் குடும்பத்தை விசாரிக்காமல், மருத்துவரைக் கேட்காமல் பூக்கட்டிப் பார்ப்பது பக்தி ஆகாது. அது சோம்பலுக்குப் பக்தியின் ஆடையை உடுத்துவதாகும்.

மகிழ மரத்தடியில் ஒரு பாடம்

கேட்பதிலும் ஒரு பிழை நேர்வதுண்டு. முடிவைத் தானே எடுத்துவிட்டு அதற்கு இறைவனின் ஒப்புதலை மட்டும் வாங்க நினைப்பதே அது. சிவப்புப் பூ வந்தால் மறுபடி ஒருமுறை, அதுவும் சிவப்பாக வந்தால் வேறு சன்னதி என்று வேண்டிய பூ வரும்வரை கட்டிக்கொண்டே இருப்போர் உண்டு. இறைவனைத் தோழராகவே பெற்றிருந்த சுந்தரமூர்த்தி நாயனாரின் வாழ்விலேயே இதற்குப் பாடம் இருக்கிறது.

திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்ட சுந்தரர், அவரை மணக்க விரும்பி இறைவனிடம் வேண்டினார். இறைவன் முதலில் சங்கிலியாரின் கனவில் தோன்றி அவர் எண்ணத்தை அறிந்தார். திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர் தம்மை விட்டுப் பிரிந்துவிடுவாரே என்று சங்கிலியார் அஞ்சினார். பிரியேன் என்று சபதம் செய்வார் என இறைவன் கூறினார். சுந்தரரோ சன்னதியில் சபதம் செய்ய மனமின்றி, அவ்வேளையில் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவன் இசைந்தார். ஆனால், சபதத்தை மகிழ மரத்தடியிலேயே பெறுமாறு சங்கிலியாருக்கும் அறிவித்துவிட்டார். வேறு வழியின்றிச் சுந்தரர் அம்மரத்தடியில் சபதம் செய்தார். பின்னர் திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, சபதத்தை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். பெரியபுராணம் இதை மறைக்காமல் சொல்கிறது.

இதில் இரண்டு செய்திகள் உண்டு. இறைவனைத் தன் விருப்பத்துக்குத் துணைசெய்யும் ஆளாகக் கொள்ள நினைத்தால், தோழமையும் அதைத் தாங்காது என்பது ஒன்று. மணம் பேசும் வேளையில் இறைவனே முதலில் மணப்பெண்ணின் மனத்தைக் கேட்டார். அவளுடைய அச்சத்தை அச்சமாகவே மதித்தார் என்பது மற்றொன்று. ஜாதகப் பொருத்தம் பத்தும் பார்த்துவிட்டோம் என்று சொல்லும் பெரியவர்கள், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டோமா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வது நலம். இறைவனின் குறிப்பு அவள் வாய்மொழியாகவும் வரக்கூடும்.

திலகவதியாரின் விண்ணப்பம்

முறையாகக் கேட்டவருக்கும் எடுத்துக்காட்டு உண்டு. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் திலகவதியார். அவருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார். அதற்கு முன்பே தந்தையும் தாயும் மறைந்திருந்தனர். இளைய தம்பி மருள்நீக்கியாருக்காகவே திலகவதியார் உயிர் தாங்கினார். அந்தத் தம்பி வளர்ந்து, சமண சமயம் சார்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெருமதிப்பும் பெற்று வேறிடத்தில் வாழத் தொடங்கினார்.

பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, அவர்கள் தம் எண்ணத்துக்கு மாறான வழியில் செல்வதைக் காணும் எந்தப் பெற்றோருக்கும் அந்தத் தமக்கையின் மனநிலை விளங்கும். திலகவதியார் தம்பியைத் தேடிச் சென்று வாதிடவில்லை. உறவை முறித்துக்கொள்ளவும் இல்லை. திருவதிகைக்குச் சென்றார். கோயிலில் அலகிட்டார், மெழுகினார், மலர் தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டும் என்று நாள்தோறும் விண்ணப்பம் செய்தார். எப்படி மீட்கவேண்டும் என்று இறைவனுக்கு வழி சொல்லவில்லை. சூலை நோய் தந்து ஆட்கொள்வோம் என்று கனவில் விடை வந்தது. எந்தத் தமக்கையும் கேட்டிருக்கமாட்டாத வழி அது. நோயுற்ற தம்பி இரவில் வந்து காலில் விழுந்தபோது, ‘அன்றே சொன்னேனே’ என்று ஒரு சொல்லும் இன்றித் திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தமிழுக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்.

காத்திருந்த அத்தனை காலமும் திலகவதியாரின் கைகள் சும்மா இருக்கவில்லை. துடைப்பமும் பூக்குடலையும் அவர் கையில் இருந்தன. கோமதி அன்னையின் தவமும் அத்தகையதே. காத்திருத்தல் என்பது ஒன்றும் செய்யாதிருத்தல் அன்று; தன் விருப்பத்தின் வேகம் தணியும் வரை, தன் கடமையைச் செய்துகொண்டிருத்தல்.

கேட்பவர் அறியவேண்டியவை

இறைவனிடம் கேட்கச் செல்லும் பெரியவர்கள் உலகியல் செய்திகள் சிலவற்றையும் அறிந்திருப்பது நல்லது. அவசரத்தில் இடும் கையெழுத்துகளுள் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்ற வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை.

உயில் என்பது எழுதியவரின் காலத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். உயிரோடிருக்கும் வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். தான செட்டில்மென்ட் பத்திரம் அப்படிப்பட்டதன்று. பதிவு செய்து, பெறுபவர் ஏற்றுக்கொண்டபின், கொடுத்தவர் தம் விருப்பத்துக்கு அதை ரத்துசெய்ய இயலாது என்பதே பொது விதி. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இதில் ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பேணத் தவறினால், அந்த மாற்றத்தைச் செல்லாததாக அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தை நாடலாம் என்று அதன் 23ஆம் பிரிவு கூறுகிறது. தமிழகத்தில் வருவாய்க் கோட்டாட்சியரே அத்தீர்ப்பாயத்தின் தலைவர். நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது அறிவுடைமை. ஜாமீன் கையெழுத்தும் வெறும் சாட்சிக் கையெழுத்தன்று. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வகுத்த விதி.

இவற்றை வழக்கறிஞரிடமோ விவரமறிந்தவரிடமோ கேட்டுத் தெளிவது இறைநம்பிக்கைக்குக் குறைவன்று. புன்னை வனத்துக் காவலரின் சொல்லில்தானே அரசருக்கு இறைவனின் செய்தி கிடைத்தது?

அமர்ந்து கேட்கும் இடம்

கோமதி அன்னையின் சன்னதிக்கு முன்னே ஒரு குழி உண்டு. ஆக்ஞா சக்கர பீடம் என்று வழங்குவர். திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் அமைத்தது என்பர். மனக்கலக்கம் உற்றவர்கள் அதில் அமர்ந்து அன்னையை நோக்கி வேண்டிக்கொள்வது மரபு. ஆக்ஞை என்ற சொல்லுக்கே ஆணை, உத்தரவு என்பது பொருள். உத்தரவு வேண்டி வருபவர் அங்கே நிற்பதில்லை. நிலத்தைவிடத் தாழ்ந்த இடத்தில் இறங்கி அமர்கின்றனர். வீட்டின் தலைவன் நானே என்ற எண்ணத்தோடு அந்தக் குழிக்குள் இறங்க முடியாது. இறங்கி அமர்ந்தாலே பாதி உத்தரவு கிடைத்துவிடுகிறது.

அந்தப் பெயரில்லாத வீட்டுக்கு மீண்டும் வரலாம். வெள்ளிக்கிழமை விடிகிறது. பெரியவர் மனைவியோடு கோயிலுக்குச் செல்கிறார். வரிசையில் நிற்கும்போதுதான், ஐம்பது ஆண்டுகளாகத் தன்னோடு வாழ்பவளிடம், “உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்கிறார். அவளுக்கு வீட்டின்மேல் பற்றில்லை. தினமும் நடந்துவந்து அம்பாளைப் பார்க்கும் தூரத்தை இழக்கவே மனமில்லை. அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நாழிகைகூட ஆகவில்லை. அவருக்கும் வீட்டை விற்பதில் ஆசையில்லை. இரவில் நெஞ்சு வலித்தால் பக்கத்தில் யாருமில்லையே என்ற பயம்தான். அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முன்பணம் வேண்டாம் என்று மகனுக்குச் சொல்லிவிடுகிறார்கள். விலைகொடுக்க வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொள்கிறார். அது இழப்புதான், காத்திருத்தலுக்கு ஒரு விலை உண்டு. ஒரு மண்டலம் விளக்கேற்றி வேண்டிக்கொண்டே மூன்று பிள்ளைகளோடும் பேசுகிறார்கள். முடிவில், வீட்டின் முன்கட்டை நம்பிக்கையான ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது, கோடையில் சில மாதம் மட்டும் சென்னையில் இருப்பது, சொத்துக்கு உயில் எழுதி மூவருக்கும் தெரியப்படுத்துவது என்று ஒரு வழி பிறக்கிறது. இது தந்தை சொன்னதும் அன்று; தாய் நினைத்ததும் அன்று; மகன் கேட்டதும் அன்று. மூவரின் கவலைக்கும் அதில் இடமிருக்கிறது. சங்கனுக்கும் பதுமனுக்கும் சேர்த்து ஒரு திருக்கோலம் காட்டிய ஊரில் அப்படித்தான் விடை வரும்.

எல்லா வீட்டுக்கும் இதே விடை வரும் என்பதில்லை. விற்பதே சரி என்ற விடை வரும் வீடுகளும் உண்டு. ஆனால் கேட்டபின் விற்றவர் புதிய ஊரில் மனைவியின் முகத்தைத் தயக்கமின்றிப் பார்க்கலாம். கேட்காமல் விற்றவருக்கு அது எளிதாக இராது.

அடுத்த ஆடித் தபசுக்கு சங்கரன்கோவில் செல்லும் அன்பர்கள், காட்சி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே தபசு மண்டபத்துக்குச் சென்று அன்னையை ஒருமுறை தரிசிக்கலாம். சுவாமி வரவில்லை, வெயில் இறங்கவில்லை, கூட்டம் நெருக்குகிறது. அவள் மட்டும் அவசரப்படாமல் இருக்கிறாள். உள்ளத்தில் ஒரு முடிவைச் சுமந்துகொண்டு சென்றவர்கள், அதை அங்கே அவள் பக்கத்தில் சிறிது நேரம் இறக்கி வைத்துவிட்டு, மாலை வரை இருந்து பார்க்கட்டும். காட்சி தருபவர் வராமல் போனதாக அந்த ஊரில் வரலாறு இல்லை.